மூன்றாம் மாடிப் பூட்டு

உங்களுக்குப் பொறாமை வரும். வேலைக்குச் சேரும் அன்று இதை யாரும் சொல்லமாட்டார்கள். அன்பு வேண்டும், பொறுமை வேண்டும், ஜெபம் வேண்டும் என்பார்கள். திருச்சபை நடத்தும் விடுதிக்கோ, குழந்தைகள் காப்பகத்துக்கோ, மருந்தகத்துக்கோ புதிதாக வந்திருக்கும் நீங்களும் அதையெல்லாம் நம்பித்தான் வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ஓசூரில் கன்னியர் நடத்திய ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அத்தனை வருடத்தில் பசியை, காய்ச்சலை, ஓடிப்போன பிள்ளைகளை, தேடி வந்து கத்திய அப்பாக்களைச் சமாளிக்கப் பழகிவிட்டேன். பழகாமல் போனது இந்தப் பொறாமை ஒன்றுதான். அதைப் பற்றியே சொல்கிறேன்.

எங்கள் விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். செல்போன் பாகம் பூட்டுவார்கள், ஒயர் பின்னுவார்கள், துணி தைப்பார்கள். மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் உண்டு, அஞ்செட்டி மலைக்கிராமங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. பெரும்பாலும் இந்துப் பிள்ளைகள். யாரையும் எங்கள் மாதா கோயிலுக்கு வா என்று கூப்பிட்டதில்லை. சாப்பாடு, பூட்டிவைக்க ஒரு பெட்டி, உடம்புக்கு முடியாவிட்டால் பக்கத்தில் உட்கார ஒரு ஆள், இவ்வளவுதான் எங்கள் சேவை. கட்டடம் பழசு. மார்கழியில் ஓசூர்க் குளிரில் பிள்ளைகள் விறகு பாய்லர் சூடாகும்வரை பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அப்போதுதான் இரண்டு தெரு தள்ளி இன்னொரு சபைக்காரர்கள் ஒரு விடுதியைத் திறந்தார்கள். மூன்று மாடி. தரை முழுக்க டைல்ஸ். துணி துவைக்க மெஷின். குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு. அதை நடத்தியவர் அந்தச் சபைப் போதகரின் மனைவி ஜெயசீலி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். தெருவில் போகிற பிள்ளையைக்கூட நிறுத்தி "சாப்பிட்டியாட்டி?" என்று கேட்பார். அந்த ஒரு வார்த்தையில் பிள்ளைகள் கரைந்துபோவார்கள்.

முதலில் ஒருத்தி போனாள். பிறகு இரண்டு பேர் சேர்ந்து போனார்கள். நான் கவலைப்படாததுபோல இருந்தேன். மாதேவி வந்து நின்ற அன்று அப்படி இருக்க முடியவில்லை. நாட்றாம்பாளையத்துப் பிள்ளை அவள். வந்த புதிதில் யாரோடும் பேசாமல் சாப்பாட்டுத் தட்டைச் சுவரைப் பார்த்து வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். டைபாய்டு வந்து கிடந்தபோது கஞ்சி ஊட்டி எழுப்பி உட்கார வைத்தவள் நான்.

"வார்டனம்மா, நான் அங்க போயிக்கிறேன். கோச்சிக்காதீங்க" என்றாள்.

"இங்க என்னா கொறை உனக்கு?"

"கொறைன்னு ஒண்ணும் இல்லம்மா. நைட் ஷிப்ட் முடிச்சு வந்தா அங்க கொழாயிலயே சுடுதண்ணி வருது. குளிச்சிட்டு உடனே படுத்துக்கலாம்."

மாதா படத்தைக் காட்டியா நிறுத்தி வைப்பது? பெட்டியைத் தூக்கிக் கொடுத்து அனுப்பினேன். அதன்பிறகு காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாகப் போவேன். அவர்கள் மொட்டைமாடியில் எங்கள் பிள்ளைகளின் துணிகள் காயும். இது இன்னாருடைய சுடிதார், இது இன்னாருடைய நைட்டி என்று எனக்கு அடையாளம் தெரியும். பெற்ற பிள்ளை பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிடுவதைப் பார்ப்பதுபோல இருக்கும். கிறிஸ்துமஸ் கூட்டத்தில் எங்கள் பங்குச் சாமியாரே, "அந்த அம்மாவப் பாத்துக் கத்துக்கணும்" என்று மேடையில் சொன்னார். நான் கைதட்டினேன். கை மட்டும்தான் தட்டியது.

ஒரு வருடம் கழித்து அவர்கள் விடுதியில் நன்றி ஆராதனை வைத்து எங்களையும் மதிய விருந்துக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் மடத்துத் தலைவியும் நானும் போனோம். அந்த மதர் அப்போதுதான் மாற்றலாகி வந்தவர், என் மகள் வயதிருக்கும். சாப்பிடும்போதே நான் குறை தேட ஆரம்பித்துவிட்டேன். சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. கழிப்பறையை எட்டிப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. பாத்திரம் கழுவும் இடத்தில்கூட ஒரு ஈ இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெயசீலி எங்களை மேலே அழைத்துப் போனார். மூன்றாம் மாடி இரவு ஷிப்ட் பிள்ளைகளுக்கானது. பகல் முழுக்க அங்கே தூங்குவார்கள். படி முடியும் இடத்தில் ஒரு கிரில் கதவு, அதில் பூட்டு. இடுப்பில் இருந்த சாவியை எடுத்துத் திறந்தார். உள்ளே ஜன்னல்களுக்குத் திரை போட்டு இருட்டாக்கி வைத்திருந்தது. பிள்ளைகள் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிப் படுத்திருந்தார்கள். ஜன்னல் எல்லாவற்றுக்கும் கம்பி. கோடியில் இன்னொரு கதவு தெரிந்தது. பின்பக்கப் படிக்குப் போகிற கதவு. அதன் முன்னால் உடைந்த கட்டில்களையும் பழைய மெத்தைகளையும் அடுக்கியிருந்தார்கள்.

"பகல்ல இந்தக் கேட்டு பூட்டியே இருக்குமா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. எதிர்ல வீடு கட்டுதாங்கல்ல, அங்க வேலைக்கு வந்த ஒருத்தன் மொட்டைமாடி வழியா ஏறி உள்ளயே வந்துட்டான். பிள்ளைய எல்லாம் அலறி அடிச்சிட்டு எந்திரிச்சிருக்கு. அன்னைலருந்து பூட்டு. பெத்தவங்களுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

அந்த நிமிடம் எனக்கு வந்தது சந்தோஷம். உங்களிடம் மறைப்பதற்கில்லை. ஒரு வருடமாகத் தேடிய குறை கிடைத்துவிட்டது. படியிறங்கி இரண்டாம் மாடிக்கு வந்தபோது, அங்கே துவைக்கும் மெஷினும், இஸ்திரிப் பெட்டிகளும், ஒரே பிளக்கில் சொருகிய மூன்று நான்கு ஒயர்களும் ஒரு சின்ன அறையில் இருப்பதைப் பார்த்தேன். அந்த அறை முன்படியை ஒட்டினாற்போல இருந்தது. அங்கே தீப்பிடித்தால் புகை நேராக மேலே ஏறும். மேலே பூட்டு. சாவி கீழே ஒருத்தியின் இடுப்பில். அந்த ஒருத்தி மார்க்கெட்டுக்குப் போயிருந்தால்? போர்வைக்குள் யார் யார் என்று தெரியாமல் படுத்திருந்த பிள்ளைகளில் மாதேவியும் ஒருத்தி. சந்தோஷம் அங்கேயே வற்றிவிட்டது.

திரும்பி வரும் வழியில் மதரிடம் சொன்னேன்.

"ரோஸ்லின், தப்பா எடுத்துக்காதீங்க. பொறாமையில சொல்றீங்களா, பயந்து சொல்றீங்களா?"

"ரெண்டும்தான் மதர்."

"பொறாமை போனதுக்கு அப்புறம் யோசிச்சுப் பாத்து சொல்லலாம்னு தோணலியா?"

"அது எப்போ போறது, நான் எப்போ சொல்றது?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு நின்று, "அப்போ இப்பவே போய்ச் சொல்லுங்க. பாத்ததை மட்டும் சொல்லுங்க. அவங்க கேக்கலைன்னா நாம ரெண்டு பேரும் தாசில்தார் ஆபீஸுக்குப் போவோம்" என்றார்.

நேராக ஆபீஸுக்குப் போயிருந்தால் எனக்கு லாபம்தான். அதிகாரிகள் வந்து மூடச் சொல்வார்கள், பிள்ளைகள் பெட்டியோடு எங்கள் வாசலுக்கு வருவார்கள். அந்தக் காட்சி எனக்கு இனிப்பாக இருந்தது. இனிப்பாக இருந்ததாலேயே அந்த வழியைக் கடைசிக்குத் தள்ளினேன். நமக்கு லாபம் தருகிற வழி, நியாயமாகவும் தோன்றினால், அதற்கு முன்னால் வேறொரு வழி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நான் கற்றதில் இது ஒன்று.

மறுநாள் காலையில் ஜெயசீலியைப் பார்க்கப் போனேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். பூட்டு, ஒயர், பின்கதவு, கட்டில். பார்த்ததை மட்டும்.

அவர் முகம் மாறியது. "நாங்க நல்லா நடத்துதது உங்களுக்குப் பொறுக்கல. பிள்ளைய எல்லாம் இங்க வந்துட்டுன்னு வயித்தெரிச்சல்."

"ஆமா பாஸ்டரம்மா, வயித்தெரிச்சல்தான். இல்லன்னு சொல்ல வரல. ஆனா எனக்கு எரியுதுங்கறதுக்காக அந்தப் பூட்டு தானாத் தொறந்துக்கப் போறதில்லையே."

அவர் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார். "பூட்டை எடுத்துட்டு மறுபடி ஒருத்தன் ஏறி வந்தா? அந்தப் பிள்ளையோட அம்மாவுக்கு நீங்களா பதில் சொல்லுவிய?" என்றார்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூட்டை எடு என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் எடுக்கப்போவதில்லை. பூட்டைப் போட வைத்த பயத்துக்கு ஒரு வழி செய்தால்தான் பூட்டு கழலும். நீங்கள் எந்த நிறுவனத்துக்குப் போய் எந்தத் தவறைச் சுட்டிக்காட்டினாலும், முதலில் அது எந்தப் பயத்தில் பிறந்தது என்று கேளுங்கள். கேட்காவிட்டால் வெறும் சண்டைதான் மிஞ்சும்.

எங்களிடம் நாகம்மா என்று ஒரு ஆயா இருந்தாள். கெலமங்கலத்துக்காரி. வீட்டில் கன்னடம், தெருவில் தெலுங்கு, எங்களிடம் மூன்றும் கலந்த தமிழ். நல்ல ஆகிருதி. அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கூரியர்க்காரன்கூட கேட்டுக்கு வெளியிலேயே நிற்பான். எங்கள் விடுதி ஒழுங்காக நடந்ததில் பாதி அவளால்தான்.

"எங்க நாகம்மாவ அனுப்புறேன். பகல் முழுக்க மூணாவது மாடிப் படியில உக்காருவா. அவ இருக்கறப்போ எவனும் ஏற மாட்டான். நீங்க பூட்டை எடுத்துட்டு, பின்கதவு முன்னால இருக்கற கட்டிலை எடுத்துடுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. பிள்ளைகள் போனது போதாதென்று, மிச்சமிருந்த ஒரு நல்ல ஆளையும் நானே தூக்கிக் கொடுக்கிறேன்.

நாகம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். "நன்ன யாக்கே, என்னை ஏன் அங்க தள்றே? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"தப்பு இல்ல நாகம்மா. மாதேவி அங்கதான் தூங்கறா."

அவள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். அந்த வாரமே தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். ஜெயசீலி பூட்டையும் பின்கதவு முன்னால் கிடந்த கட்டில்களையும் எடுத்தார். ஒயர்களைச் சரிசெய்ய ஆள் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். ஆள் வருவது தள்ளிக்கொண்டே போனது.

அடுத்த மாதம் ஒரு நாள் முற்பகலில், எங்கள் விடுதியை ஒட்டி மடம் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது, கரும்புகை தெரிகிறது என்று தெருவில் கத்தினார்கள். எந்தப் பக்கம் என்று பார்த்ததுமே ஓட ஆரம்பித்தேன். என் உடம்புக்கு அது ஓட்டமில்லை, ஆனாலும் ஓடினேன். துவைக்கும் அறையில்தான் தீ. இரண்டாம் மாடி ஜன்னல் வழியே புகை தள்ளிக்கொண்டிருந்தது. முன்படி புகைபோக்கிபோல ஆகிவிட்டது. ஜெயசீலி மார்க்கெட்டிலிருந்து அப்போதுதான் வந்து ஆட்டோவிலிருந்து இறங்கினார். கையில் இருந்த பை விழுந்து தக்காளி உருண்டது. அவர் இடுப்பைத் தடவினார், சாவி இருந்த இடத்தை. பூட்டே இல்லை என்பது அவருக்கு அந்த நேரத்தில் நினைவில்லை.

நான் கட்டடத்தின் பின்பக்கம் ஓடினேன். பின்படியில் பிள்ளைகள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். தூக்கம் கலையாத முகம், நைட்டி, வெறுங்கால். மேலேயிருந்து நாகம்மா கன்னடத்தில் நடக்கச் சொல்லி விரட்டும் குரல் கேட்டது. "நடி! நடி! செல்லு வேணாம், பெட்டி வேணாம், நடி!" கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் இறங்கினாள்.

தெருவில் கூட்டம் கூடிவிட்டது. பத்துப் பேர் தண்ணீர் கொண்டு ஓடினால் இருபது பேர் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கைகளால் மார்பை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்கள். காப்பகத்துக்கு ஆளனுப்பி இருக்கிற போர்வை, துண்டு எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னேன். உயிர் தப்பி வந்த பிள்ளைக்கு அடுத்த நிமிடம் தேவைப்படுவது மானம். தண்ணீர் அதற்குப் பிறகுதான்.

எல்லோரும் வந்துவிட்டார்களா என்று ஜெயசீலியைக் கேட்டேன். அவருக்குக் கணக்கு தெரியவில்லை. யார் நைட் ஷிப்ட், யார் லீவு, யார் ஊருக்குப் போனவள் என்று எழுதியிருந்த நோட்டு உள்ளே இருந்தது. தீயணைப்பு வண்டி வந்து, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இருக்கிறது என்றால் அவர்கள் அந்தப் புகைக்குள் போக வேண்டும். இல்லை என்று சொல்லி, இருந்துவிட்டால்?

நான் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினேன். "உன் பக்கத்துக் கட்டில்ல தூங்கினவ கையைப் பிடி! ஒவ்வொருத்தியும் பக்கத்துல படுத்தவளைத் தேடிப் பிடி!"

அழுதுகொண்டே தேடினார்கள். கை கையாகச் சேர்ந்தது. இரண்டு பிள்ளைகள் மட்டும் வெறுங்கையோடு நின்றார்கள். ஒருத்தி, "மாதேவியக் காணோம்" என்றாள். இன்னொருத்தி, "ஈஸ்வரியும் இல்லக்கா" என்றாள்.

தீயணைப்புக்காரர்கள் முகமூடியை மாட்டினார்கள். ஜெயசீலி என் கையைப் பிடித்தார். நகம் பதிகிற பிடி. நாகம்மா மட்டும், "இல்ல, நான் கடைசில வந்தேன். மேல ஒண்ணும் இல்ல. கட்டிலுக்குக் கீழகூட பாத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளை நம்பலாமா என்று தீயணைப்பு அதிகாரி என்னைப் பார்த்தார். "அவ பாத்தேன்னா பாத்திருப்பா. அந்த ரெண்டு பேர் வெளியதான் எங்கியோ இருக்காங்க, தேடுங்க" என்றேன். அதே மூச்சில், "ஆனாலும் நீங்க ஒருதரம் மேல போய்ப் பாத்துடுங்க சார்" என்றும் சொன்னேன். நம்பிக்கை வேறு, சோதனை வேறு. ஒன்றுக்காக இன்னொன்றை விடக்கூடாது.

அவர்கள் மேலே இருக்கும்போதே, பின்தெருவில் இருந்த பஞ்சர் கடைக்காரர் ஓடி வந்தார். "ரெண்டு பொண்ணுங்க நம்ம கடையில உக்காந்திருக்காங்க, ஒண்ணுக்குக் கால் பிசகிடுச்சி" என்றார். படியில் விழுந்த ஈஸ்வரியை முதுகில் தூக்கிக்கொண்டு மாதேவி அங்கே போயிருக்கிறாள். நான் போனபோது டயருக்கு நடுவில் உட்கார்ந்து அவள் காலுக்கு ஈரத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வார்டனம்மா" என்றாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

அந்த விடுதி சரியாகும்வரை எல்லாப் பிள்ளைகளும் எங்களிடம்தான் இருந்தார்கள். கூடத்தில், வராந்தாவில், கோயில் ஹாலில் பாய் விரித்தோம். எங்கள் கொடியில் துணி போட இடமில்லை. அந்த நாட்கள் எனக்குத் திருவிழா.

அதற்கு நடுவில்தான் அவர்கள் சபையில் நன்றிக் கூட்டம் வந்தது. நாங்களும் போனோம். போதகர், தம் மனைவியின் முன்யோசனையால்தான் பின்வாசல் திறந்திருந்தது என்றார். பார்க்க வந்த அதிகாரிகள், மற்ற விடுதிகளும் இப்படிப் படியில் ஆள் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். ஜெயசீலி சாட்சி சொல்ல எழுந்தார். "கர்த்தர் ஏற்ற நேரத்துல ஒரு ஆளை அனுப்பி எங்களை எச்சரிச்சார்" என்றார். ஒரு ஆள்! பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். எனக்குக் காதுவரை சுட்டது. பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களே, அது போதாதா என்று மனசுக்குச் சொன்னேன். போதும் என்றுதான் மனசும் சொன்னது. ஆனாலும் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

வெள்ளையடித்து, ஒயர் முழுக்க மாற்றி, அவர்கள் விடுதி மறுபடி திறந்தது. பிள்ளைகள் திரும்பிப் போகும் நாள் வந்தது. மாதேவியும் பெட்டியைக் கட்டினாள். இங்கேயே இருந்துவிடுவாள் என்று நான் நினைத்திருந்தேன். நீங்களும் நினைத்திருப்பீர்கள். அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் இரவெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வருகிற உடம்புக்கு என் பாசத்தைவிட சுடுதண்ணீர் அவசியம். நான் அவளைத் தடுக்கவில்லை. நாகம்மாவும் திரும்பி வரவில்லை. அங்கே மீன் குழம்பு நன்றாக இருக்கிறதாம்.

ஜெயசீலி பிள்ளைகளை அழைத்துப்போக வந்திருந்தார். பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் ஒன்றைச் சுருட்டினார்.

"அக்கா, அன்னைக்குக் கூட்டத்துல உங்க பேரைச் சொல்லியிருக்கணும்."

நான் அடுத்த பாயை எடுத்தேன்.

"சொல்ல வாய் வரல. இந்தப் பிள்ளைய இருக்காளுகள்ல, சாப்பிட என்கிட்ட வருவாளுக. ஒரு தலைவலி வந்தா, வீட்டுல ஒரு பிரச்சனைன்னா, உங்களுக்குத்தான் போன் போடுவாளுக. காய்ச்சல்ல பொலம்பும்போதுகூட வார்டனம்மான்னுதான் பொலம்புதாளுக. ஒரு வருஷத்துக்கு மேல கேட்டுட்டு இருக்கேன். எனக்கு மட்டும் எரியாதா?"

அவர் கண் கலங்கியிருந்தது. அவரைத் தேற்றுவதுதான் முறை. நானும் தோளில் கைவைத்து, "அப்பிடியெல்லாம் நெனைக்காதீங்க பாஸ்டரம்மா" என்று சொல்லித் தேற்றினேன். ஆட்டோக்கள் போகும்வரை வாசலில் நின்று கையசைத்தேன். பிறகு உள்ளே போய், ஆறிப்போன சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டு, நீண்ட நாளைக்குப் பிறகு இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.